மூன்றாம் பாகம் கேட்டவள்

ஜேசுராஜைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு, வாசகசாலைக்கு வருகிறவர்கள் அருள்செல்வியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். யுத்தச் செய்தி படிக்க வரும் கூட்டம் மட்டும் குறையவில்லை. பத்திரிகையைப் பிரித்து, ஜப்பான்காரன் எதுவரை வந்திருக்கிறான் என்று நின்றபடியே பார்த்துவிட்டு, மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். முன்பெல்லாம் கிளம்பும்போது "வரேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். இப்போது செருப்புச் சத்தம்தான் கேட்டது.

பூந்தமல்லிப் பெரிய வீதியில், ஒரு மாடிவீட்டின் கீழறையில் இருந்தது அந்த வாசகசாலை. அருள்செல்விதான் அதன் லைப்ரேரியன். மிஷன் பள்ளியில் படித்தவள். கலியாணமான மறுவருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து சேர்ந்தவள். தாய் தகப்பன் இல்லை. ஜேசுராஜ் ஆவடியில் பட்டாளத்துக்காகப் புதிதாக எழுப்பிய கிடங்குகளில் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தான். தினமும் காலையில் சைக்கிளில் பாரிவாக்கம் வழியாகப் போவான், சாயங்காலம் அதே வழியில் திரும்புவான்.

அந்தப் பாரிவாக்கம்தான் வினையாயிற்று.

பாரிவாக்கத்தில் பரந்தாமன் என்று ஒரு பெரிய குடித்தனக்காரர். நஞ்சை, புஞ்சை, ஏற்றக் கிணறு எல்லாம் உள்ளவர். அவருடைய மனைவி தாட்சாயிணி, பெருமாள் கோவில் திருவிழாவுக்கு வந்த ஒரு நாள் வாசகசாலை வாசலில் நின்று, "பொம்பளைங்களுக்கும் புஸ்தகம் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். சின்ன வயசு. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஆளில்லாத பெண். கையில் கொடுத்த நாவலை அங்கேயே நின்று நாலைந்து பக்கம் படித்துவிட்டாள். அருள்செல்விக்கு மனசு இளகிப்போனது. அன்றிலிருந்து ஜேசுராஜ்தான் புத்தகம் சுமந்தான். ஊர் எல்லையில் இருந்த பிள்ளையார் கோவிலின் பின்பக்கம் வைத்துவிட்டுப் போவான். படித்து முடித்ததை அதே இடத்திலிருந்து எடுத்து வருவான். தாட்சாயிணியோடு அவன் பேசியதுகூட அபூர்வம்.

ஐப்பசி மழைக்குப் பின் ஒரு விடியலில் தாட்சாயிணியைக் காணவில்லை. அவளுடைய புடவையும் கண்ணாடி வளையல்களும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கிடந்தன. ஏரி ததும்பிக் கிடந்தது. வலை போட்டுத் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. அவள் கழுத்திலும் காதிலும் இருந்த நகைகளும் இல்லை. பரந்தாமன் சப் இன்ஸ்பெக்டர் ஜெயராமனிடம் போய், ஒரு கிறிஸ்தவப் பையன் சைக்கிளில் வந்து தன் மனைவிக்கு எதையோ கொடுத்துவிட்டுப் போவதை ஊரே பார்த்திருக்கிறது என்றார். ஆசைகாட்டி ஏரிக்கு வரவழைத்து, நகையைப் பறித்துக்கொண்டு தள்ளிவிட்டான் என்று வழக்கு எழுதினார்கள். ஆவடி போகும் சாலையில் சைக்கிளோடு ஜேசுராஜைப் பிடித்தார்கள்.

அருள்செல்வி தினமும் சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் உள்ளே யாரோ தண்ணீர் கேட்டார்கள். குரல் தம்பியுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் அவளை அன்று முழுக்க அரித்தது. கூடப் பிறந்தவன் குரல் அடையாளம் தெரியாமல் போகும்படி என்ன செய்திருப்பார்கள்?

தம்பியை மாஜிஸ்திரேட் கச்சேரியில் ஒரு தடவை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டேஷனுக்கே கொண்டுவந்திருந்தார்கள். அடுத்த தடவை பட்டணத்துச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வாசலில் நின்ற போலீஸ்காரர் சொன்னார். வக்கீல் வைக்க வழியில்லை. வாசகசாலைக் காரியதரிசி ஜானகிராமனிடம் போய் நின்றாள். அவர் கதவைப் பாதி திறந்து, "இந்த நேரத்துல நான் தலையிட்டா வாசகசாலை பேரும் கெட்டுப்போகும்மா" என்று சொல்லிவிட்டு மீதியையும் சாத்திக்கொண்டார்.

அந்த நிலையில்தான் அந்தப் புத்தகம் அவள் கண்ணில் பட்டது.

அது ஒரு துப்பறியும் நாவல், மூன்று பாகம். ஒரு ஜமீன் மாளிகையில் நடந்த கொலையைப் பற்றியது. பழைய அட்டைகள் கிழிந்துபோனதால் அருள்செல்வி தன்னுடைய நீலப் புடவையொன்றைக் கிழித்து மூன்றுக்கும் ஒரே மாதிரி பைண்டு செய்திருந்தாள். தாட்சாயிணி முதல் பாகத்தைப் படித்துத் திருப்பியிருந்தாள். காணாமல் போன சமயத்தில் இரண்டாம் பாகம் அவளிடம்தான் இருந்தது.

இப்போது அந்த இரண்டாம் பாகம் அலமாரியில் இருந்தது.

அருள்செல்வி அதை உருவி எடுத்துப் புரட்டினாள். ஏரியில் மூழ்கியவளிடம் இருந்த புத்தகம் நனையாமல் கொள்ளாமல் எப்படித் திரும்பி வந்தது? யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தவர்கள் யாரோ. வேறெதையும் பார்க்கத் தோன்றாமல் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

சப் இன்ஸ்பெக்டர் ஜெயராமன் அவள் சொன்னதைப் பொறுமையாகவே கேட்டார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"இது அந்தப் பொண்ணுகிட்ட இருந்தது. நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் சார். நான்தான் குடுத்தனுப்பினேன்."

"யார்கிட்ட குடுத்தனுப்பினே?"

"தம்பிகிட்ட."

"திருப்பி வாங்கிட்டு வர்றதும் அவன்தானே?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் புத்தகத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "செத்தவகிட்ட இருந்த சாமான் கொன்னவன் ஊட்டு ஆளுங்க கையில இருக்குது. நீயே கொண்டாந்து குடுத்தே. இத்தனை நாளா இதுதாம்மா எங்களுக்குக் கிடைக்காம இருந்தது."

அருள்செல்வி வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியைக் காப்பாற்ற ஓடி வந்து, அவன் கழுத்துக்குக் கயிற்றைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அழக்கூட வரவில்லை. வாய் மட்டும் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வாசகசாலைக்குத் திரும்பியபோது யாருமில்லை. அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், காலையில் அவசரத்தில் கவனிக்காத ஒன்று தெரிந்தது. நீல அட்டைப் புத்தகம் ஒன்றுதான் அங்கே இருந்தது. இரண்டு இருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் பாகம். முதல் பாகத்தைக் காணோம்.

யாரோ இரண்டாம் பாகத்தை வைத்துவிட்டு முதல் பாகத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

அவளுக்கு அது விளங்கவில்லை. இரண்டாம் பாகம் கொலைகாரன் யார் என்று சொல்லாமல் பாதியில் முடிகிற புத்தகம். அதை முடித்த எவரும் மூன்றாம் பாகத்துக்குத்தான் பறப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் இருக்கும்போது முதல் பாகத்தை யார் எடுப்பார்கள்? முதுகில் கறுப்பு மையில் எண் எழுதியிருக்கிறதே.

எண் படிக்கத் தெரியாதவர்கள் எடுப்பார்கள்.

எடுத்தவர் வேறு, படிப்பவர் வேறு. படிப்பவர், இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு அடுத்ததற்காகத் தவிக்கிறவர். நீலத்துணி போட்ட புத்தகம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படியானால்...

அருள்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். தாட்சாயிணி உயிரோடு இருக்கிறாள். எங்கேயோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள்!

இதை ஜெயராமனிடம் போய்ச் சொல்ல அவளுக்கு இனித் தைரியமில்லை. தவறாக எடுத்தவர் மாற்ற வரவேண்டும் என்பது ஒன்றுதான் நம்பிக்கை. வருவார்களா? நாளை மத்தியானம் தம்பியை மறுபடி கச்சேரியில் நிறுத்துகிறார்கள். அதற்குள் வராவிட்டால் பட்டணத்துக்கு அனுப்பிவிடுவார்களே? அன்றிரவு அவள் படுக்கவே இல்லை.

மறுநாள் வழக்கத்துக்கு முன்பே வந்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு, பத்திரிகை அடுக்குகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வந்தது நாகம்மாள். கூடையில் பூ விற்பவள். வாசகசாலைச் சரஸ்வதி படத்துக்கு நாள் தவறாமல் சரம் சாத்துவது அவள் வேலை. அவள் வருவதையோ போவதையோ யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அருள்செல்வியும் பார்த்ததில்லை.

நாகம்மாள் படத்துக்குப் பூவைப் போட்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கூடையில் வாழையிலைக்கடியில் கையை விட்டு நீல அட்டைப் புத்தகத்தை உருவினாள்.

"நாகம்மா."

புத்தகம் தரையில் விழுந்தது. நாகம்மாள் ஓடப் பார்த்தாள். அருள்செல்வி பாய்ந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ எங்க இருக்கா?"

"யாரும்மா? இன்னா சொல்றே நீ? கீழ கெடந்துச்சி, எட்த்துக் குடுக்கலாம்னு..."

"நாகம்மா, என் தம்பியை அடிச்சே கொல்றாங்க. உனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். நீ தினமும் இங்க வந்து என் முகத்தைப் பாத்துக்கினுதானே பூ போட்டே?"

நாகம்மாளின் முகம் கோணிக்கொண்டது. "நான் இன்னா பண்றது, பொஸ்தகத்தம்மா? வாயத் தொறந்தா அந்தப் பொண்ணு போய்டும். அந்தாளு அது கையக் கொண்டாந்து எரியிற அடுப்புல வச்சாம்மா. எதுக்குன்ற? பொஸ்தகம் பட்ச்சிதுன்னு. பூ குடுக்கப் போனப்ப நானே என் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் எப்டிம்மா அங்கியே வுட்டுட்டு வர்றது? பொடவய ஏரியாண்ட போட்டா செத்துட்டான்னு வுட்டுடுவாங்கன்னு பாத்தோம். உன் தம்பி மாட்டிக்குவான்னு யாரு கண்டது?"

"எங்க இருக்கா?"

"திருவேற்காட்டுல. நான் குத்தகைக்கு எட்த்திருக்கற மல்லித் தோட்டத்துல ஒரு குடிசை கீது."

இருவரும் பூ ஏற்றி வந்த மாட்டுவண்டியிலேயே திரும்பினார்கள். வழியெல்லாம் அருள்செல்வி வண்டிக்காரரை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாள். கூவம் கரையை ஒட்டிய தோட்டம். குடிசை வாசலில் தாட்சாயிணி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்து, பச்சிலை அரைத்துப் பூசியிருந்தது. அருள்செல்வியைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். பிறகு நின்றாள்.

"அக்கா, என்னை மன்னிச்சுடுங்க. சொல்லாம எடுத்துட்டு வரச் சொன்னேன். இங்க சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சுடும் போல இருந்தது."

"என் தம்பியைக் கொலைக்கேஸ்ல பிடிச்சு வெச்சிருக்காங்க, தாட்சாயிணி. உன்னைக் கொன்னான்னு."

அவள் நாகம்மாளைப் பார்த்தாள். நாகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே, நாகம்மா!"

"சொன்னா நீ கெளம்பிடுவே. அதான் சொல்லல."

தாட்சாயிணி மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு தலையை ஆட்ட ஆரம்பித்தாள். "என்னால முடியாதுக்கா. அவர் கையில சிக்கினா இந்தத் தடவை கையோட விடமாட்டார். போலீஸ்காரரும் அவரும் ஒண்ணு. என்னால முடியாது."

அருள்செல்வி அந்த வெந்த கையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் காதில் தண்ணீர் கேட்ட அந்தக் குரல்தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

"நீயா வராட்டி, நான் போய்ச் சொல்லிடுவேன்" என்றாள்.

"அடிப்பாவி!" என்றாள் நாகம்மாள்.

"பாவிதான். எனக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான்."

தாட்சாயிணி நிமிர்ந்து பார்த்த பார்வையில் இருந்தது வெறுப்புதான், வேறொன்றுமில்லை. அருள்செல்வி அதைத் தாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியில் வரும்போது யோசித்து வைத்ததைச் சொன்னாள். ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். இன்று மத்தியானம் ஜேசுராஜைக் கச்சேரியில் நிறுத்துகிறார்கள். நேரே அங்கே போவோம். நாலு பேர் எதிரில், மாஜிஸ்திரேட் எதிரில் சொல்லிவிட்டால், பிறகு மறைக்க முடியாது. நகைகளைக் கையோடு எடுத்துக்கொள். திருட்டுப் பழியும் போகும்.

தாட்சாயிணி உள்ளே போய் நகை மூட்டையை எடுத்து வந்தாள்.

கச்சேரி வாசலில் பரந்தாமனின் ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தாட்சாயிணி நாகம்மாளின் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டு, அவர்களுக்கு நடுவே புகுந்து போனாள். ஒருவன் "மல்லி எப்டி குடுக்கறே?" என்று கேட்டான். பின்னால் வந்த நாகம்மாள், "உள்ள ஐயா கேட்டாரு, குட்த்துட்டு வந்து தரேன் அண்ணாத்தே" என்று சமாளித்தாள். அருள்செல்வி பத்தடி பின்தங்கி உள்ளே நுழைந்தாள்.

ஜேசுராஜை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். இடது காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் காய்ந்திருந்தது. அருள்செல்வி "தம்பி" என்றாள். அவன் திரும்பவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் நீலப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துப் பேசத் தொடங்கியபோது, தாட்சாயிணி கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையை விலக்கினாள்.

"ஐயா, நான்தான் தாட்சாயிணி. என்னை யாரும் கொல்லலை. நானாதான் போனேன். இதோ என் நகை."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பரந்தாமனைப் பார்த்து, "இது உம்ம சம்சாரமா?" என்று கேட்டார்.

பரந்தாமனின் முகம் கறுத்துப்போயிருந்தது. சாதி சனம் எல்லாம் பின்னால் நின்றது. கருமாதி முடிந்திருந்தது. குன்றத்தூரில் வேறு பெண் பார்த்துப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஓடிப்போனவளின் புருஷன் என்று ஊர் சிரிக்கப்போவதை அவர் அந்த நிமிஷமே கேட்டிருக்க வேண்டும்.

"இல்லீங்க. இவ எம் பொண்டாட்டி இல்ல. எம் பொண்டாட்டி செத்துட்டா. இவ எவளோ. அந்தப் பையனோட அக்கா கூட்டியாந்திருக்கா."

இதை அருள்செல்வி நினைத்துப் பார்க்கவே இல்லை. படித்த அத்தனை துப்பறியும் கதைகளிலும் செத்தவள் உயிரோடு வந்து நின்றால் வழக்கு முடிந்துவிடும். இங்கே உயிரோடு வந்து நிற்பவளை இல்லை என்கிறார்கள்.

"பாரிவாக்கம் முன்சீப் வந்திருக்கிறாரா?" என்றார் மாஜிஸ்திரேட்.

கிராம முன்சீப் சின்னசாமி, புடவையை அடையாளம் காட்டுவதற்காக வரவழைக்கப்பட்டிருந்தார். வயசானவர். பரந்தாமனின் நிலத்துக்குப் பக்கத்து நிலம் அவருடையது. எழுந்து வந்து தாட்சாயிணியைப் பார்த்தார். பரந்தாமனைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"மாமா, என்னைத் தெரியலையா?" என்றாள் தாட்சாயிணி மெதுவாக.

சின்னசாமியின் பார்வை ஜேசுராஜின் காதின்மேல் போய் நின்றது. "அந்தப் பொண்ணுதாங்க. பரந்தாமன் ஊட்டுப் பொண்ணுதான். பொய் சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார்.

அதன் பிறகு மாஜிஸ்திரேட்டின் குரல் உயர்ந்தது. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜேசுராஜை விட்டுவிடச் சொல்லி உத்தரவாயிற்று. பரந்தாமன் நிலைமை மாறிவிட்டதைக் கண்டு முன்னால் வந்து, "நட ஊட்டுக்கு" என்று தாட்சாயிணியின் நல்ல கையைப் பிடித்தார்.

அவள் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஐயா, இவர் இப்பத்தான் உங்க எதிர்ல, நான் இவர் பொண்டாட்டி இல்லைன்னு சொன்னார். எழுதிக்கிட்டீங்க. பொண்டாட்டி இல்லாதவளை எந்தப் பாத்தியதையில கையைப் பிடிக்கிறார்?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பரந்தாமன் கையை விட்டார். மாஜிஸ்திரேட் அவளுடைய வெந்த கையை அப்போதுதான் கவனித்தார். போலீஸ் துணையோடு அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்.

காரியம் முடிந்தது என்று ஊரார் சொன்னார்கள். அருள்செல்விக்கு அப்படித் தோன்றவில்லை. ஜேசுராஜுக்கு இடது காது போய்விட்டது, வலது காதும் பாதிதான். ஆவடிக் கிடங்கில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஜானகிராமன் இந்தத் தடவை தானே வீடு தேடி வந்தார். கச்சேரி ஏறிய பெண்பிள்ளை வாசகசாலையில் இருப்பது சரியில்லை என்று கமிட்டியில் அபிப்பிராயப்படுகிறார்கள் என்றார். அவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

தாட்சாயிணி ஆஸ்பத்திரியிலேயே வார்டு வேலை கற்றுக்கொண்டு, பட்டணத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். வழியனுப்ப நாகம்மாளும் அருள்செல்வியும் போயிருந்தார்கள். நாகம்மாள் அவள் தலையில் பூ வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தாட்சாயிணி நாகம்மாளோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் அருள்செல்வியிடம் கேட்டாள்.

"நான் வரவே மாட்டேன்னு நின்னிருந்தா, நெஜமாவே சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்றாள் அருள்செல்வி.

தாட்சாயிணி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க எடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சுப் பாக்கறேன். கோவம் போகணும்னுதான் பாக்கறேன். இன்னும் போகலைக்கா."

பஸ் வந்து நின்றது. நல்ல கையால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் ஜேசுராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அருள்செல்வி கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, உதட்டை நன்றாக அசைத்து, "கஞ்சி குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

அவன் அவள் வாயையே பார்த்தான். பிறகு தலையசைத்தான். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.